குறையே சொல்லாத குடித்தனம்

வெர்னா பாஸ்கோ வீட்டு ஹாலில் இருந்த கேஸ் ஹீட்டரின் முன்மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கேஸ் குழாயையும் பிரித்துவிட்டு, கிளைவ் நூனன் முட்டி போட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலை மாதத்துச் சனிக்கிழமைக் காலை; ஆஸ்திரேலியாவில் அது நடுக் குளிர்காலம். பல்லாரட்டில் அந்த வாரம் முழுக்க விடியும்போது புல்தரை வெள்ளையாக உறைந்து கிடந்தது. மணி ஒன்பதரை ஆகியும் வாசலில் நின்ற காரின் கண்ணாடியில் பனிப்பொருக்கு உருகவில்லை.

வெர்னா முப்பத்தொரு வருடம் தபால் அலுவலகக் கவுன்டரில் நின்று ஓய்வு பெற்றவள். கணவன் இறந்த பிறகு அவளுக்கென்று இருந்தவை இரண்டு வீடுகள். ஒன்று வெண்டூரியில் அவள் குடியிருக்கும் வீடு. இன்னொன்று ஊரின் மறுபக்கம், செபாஸ்டபோலில், ஒரு ஏஜெண்ட் மூலமாக வாடகைக்கு விட்டிருந்த பழைய செங்கல் வீடு. அந்த வாடகைதான் அவளுடைய சாப்பாடு, மருந்து, பெட்ரோல் எல்லாம்.

"இந்த ஹீட்டர் ஒண்ணும் பண்ணாது. தூசி மட்டும் தட்டிவிட்டாப் போதும்," என்றார் கிளைவ். இருபது வருடமாக அவள் வீட்டுக்கு வந்துபோகும் கேஸ் மெக்கானிக் அவர். "வாடகைக்கு விட்டிருக்கீங்களே, அந்த வீட்டு ஹீட்டர் எப்படி இருக்கு?"

"அங்க ஒரு தொந்தரவும் இல்ல கிளைவ். நான் குடுத்துவச்சவ. ஒரு அம்மாவும் பொண்ணும். நாலு வருஷமா இருக்காங்க. ஒரு குழாய் ஒழுகுதுன்னுகூட இதுவரைக்கும் சொன்னதில்ல. வீட்ட எப்படி வச்சிருக்காங்கன்னு பாருங்க."

மே மாதம் ஏஜெண்ட் போய்ப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்த படங்களைக் கைபேசியில் எடுத்து நீட்டினாள். பேரனின் படத்தைக் காட்டுகிற பெருமை அவள் முகத்தில் இருந்தது. கிளைவ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகத் தள்ளினார். பளிச்சென்ற சமையலறை. மடித்து வைத்த போர்வைகள். ஹால்.

ஹால் படத்தில் அவர் விரல் நின்றது. இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"சுவத்துல மேல இது என்ன டேப்பு?"

"எங்க?"

"இங்க. காத்துத் துவாரம் மேல. நாலு பக்கமும் ஒட்டியிருக்காங்க. அந்தப் பக்கமும் அப்படித்தான்." குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "கதவுக்குக் கீழ துண்டு வேற சுருட்டி வச்சிருக்காங்க. ஹீட்டர் பழைய புகைக்குழாய் மாடல். வெர்னா, இத கடைசியா யாரு, எப்ப பாத்தா?"

"ஏஜெண்ட் டேமியன்தான் எல்லாம் கவனிச்சுக்கறான்..."

"அது சரி. எப்ப பாத்தாங்க?"

தேதி வெர்னாவுக்குத் தெரியும். அந்த அம்மா, கெரின், குடிவந்தபோது ஒருமுறை பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து, மறுபடி சோதிக்க நேரமாகிவிட்டது, ஆளை அனுப்பட்டுமா என்று டேமியன் மின்னஞ்சல் போட்டிருந்தான். அந்த மாதம் அவளுக்குப் பல் வைத்தியச் செலவு இருந்தது. தன் கையாலேயே பதில் எழுதினாள்: 'இப்போது வேண்டாம். அவர்களே ஒன்றும் சொல்லவில்லை. நாமாகப் போய் எதற்குக் கிளற வேண்டும்?' டேமியனும் அதோடு விட்டுவிட்டான். அதன் பிறகு அவள் அதை மறந்தும்போனாள்.

"நாலு வருஷம் ஆச்சு," என்றாள்.

கிளைவ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"கேளுங்க. இந்த ஹீட்டர் ரூம்ல இருக்கற காத்தத்தான் எடுத்துக்கும். எரிஞ்ச புகை குழாய் வழியா மேல போகணும். இவங்க துவாரத்தையெல்லாம் அடைச்சிருக்காங்க. அடுப்படியில எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாங்கன்னா, அது வெளிக்காத்து கிடைக்காம, மேல போற புகையையே திருப்பி உள்ள இழுத்துடும். அந்தப் புகைக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. முதல்ல தலைவலி. அப்புறம் வாந்தி. அப்புறம் தூக்கம் வரும். நல்லா தூக்கம் வரும்." கைபேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "நேத்து ராத்திரி மைனஸ் மூணு. ஊர்ல ஒரு ஹீட்டரும் அணைஞ்சிருக்காது. அந்தப் பொண்ணுக்கு ஃபோன் பண்ணுங்க. இப்பவே."

வெர்னாவிடம் கெரினின் எண் இல்லை. நாலு வருடமாகத் தன் வீட்டில் குடியிருக்கும் பெண்ணின் குரலைக்கூட அவள் கேட்டதில்லை. எல்லாம் ஏஜெண்ட் வழியாகத்தான். டேமியனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறை, பின்னால் ஒரு ஏலக்காரன் விலையைக் கூவிக்கொண்டிருக்க, டேமியனின் குரல் வந்தது.

"வெர்னா, இங்க ஒரு வீட்டு ஏலம் நடந்துக்கிட்டிருக்கு. ஒரு மணி நேரம் கழிச்சு..."

"கெரின் நம்பர் வேணும். ஹீட்டர்ல..."

"குடித்தனக்காரங்க நம்பர ஓனருக்குக் குடுக்கக் கூடாது வெர்னா, உங்களுக்கே தெரியும். வீட்டுக்குப் போறதுன்னாலும் இருபத்து நாலு மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும். திங்கக்கிழமை முதல் வேலையா நோட்டீஸ் அனுப்பிடறேன்."

கிளைவ் அவள் கையிலிருந்து கைபேசியை வாங்கினார். "தம்பி, நான் கேஸ் மெக்கானிக் பேசறேன். உன் நோட்டீஸ நீயே வச்சுக்க. அந்த வீட்டுக்கு இப்ப ஃபோன் பண்ணி, ஹீட்டர அணைச்சுட்டு எல்லாரும் வெளியில வந்து நிக்கச் சொல்லு. திங்கக்கிழமை வரைக்கும் அவங்க உயிரோட இருக்கணும்ல?"

இரண்டு நிமிடத்தில் டேமியனிடமிருந்து ஒற்றை வரி வந்தது. 'நான்கு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.'

வெர்னா கார் சாவியை எடுத்துவிட்டாள். கிளைவ் வரமுடியாமல் நின்றார். கழற்றிய கேஸ் குழாயை அடைக்காமல் அவர் அந்த வீட்டை விட்டு நகர முடியாது.

"விலாசத்தச் சொல்லிட்டுப் போங்க, பின்னாலேயே வந்துடறேன். கதவு திறக்கலன்னா தயங்காதீங்க, ஆம்புலன்ஸுக்கு மூணு சைபர் அடிச்சுடுங்க. வெர்னா, உள்ள போய் நிக்காதீங்க. கேக்குதா? உள்ள நிக்காதீங்க."

கண்ணாடியில் ஒரு முகம் தெரிகிற அளவுக்கு மட்டும் பனியைச் சுரண்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒவ்வொரு விளக்கிலும் வெர்னா தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். கெரின் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள், இன்றைக்கு வேலைக்குப் போயிருப்பாள். அந்தச் சின்னப் பெண்ணுக்குச் சனிக்கிழமை நெட்பால் ஆட்டம் இருக்கும், இந்த ஊரில் எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் இல்லை? ஏரிக்கரையைத் தாண்டும்போது மைதானத்தில் சிறுமிகள் கலர் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் தாய்மார்கள் காபியோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். இதில் அவர்கள் இருப்பார்கள் என்று ஒரு கணம் மனசு லேசானது. அடுத்த கணமே, அவர்கள் முகம் தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. பக்கத்தில் வந்து நின்றாலும் அடையாளம் தெரியப்போவதில்லை.

பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான். விளக்கு பச்சையாகி எவ்வளவு நேரம் ஆயிற்றோ.

செபாஸ்டபோல் வீட்டு வாசலில் கெரினின் சிறிய வெள்ளைக் கார் நின்றிருந்தது. கண்ணாடி முழுக்கப் பனி. இன்றைக்கு அதை யாரும் எடுக்கவில்லை. திரைச்சீலைகள் மூடியிருந்தன. புல்தரையில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. சமையலறைப் பக்கமிருந்து எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் சத்தம் ஊங்ங்ங் என்று வந்துகொண்டிருந்தது.

வெர்னா கதவைத் தட்டினாள். பிறகு உள்ளங்கையால் அடித்தாள். பிறகு முஷ்டியால்.

"யாரு?" கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தைக் குரல். இழுத்து இழுத்து வந்தது.

"கண்ணு, நான் வெர்னா. இந்த வீட்டு ஓனர். அம்மா இருக்காங்களா? கதவத் திற."

"அம்மா தூங்கறாங்க. அம்மாவுக்குத் தலை வலிக்குது. எனக்கும்."

"அம்மாவ எழுப்பு கண்ணு. சீக்கிரம்."

காலடிச் சத்தம் போயிற்று. எதுவும் கேட்கவில்லை. வெர்னா கைபேசியில் முதல் சைபரை அழுத்தினாள். அப்போது கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. இடுக்கில் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்ணின் முகம். வெளுத்துப்போன முகம், கண்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுக்கு வழியாக வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

"மிஸஸ் பாஸ்கோவா? எங்களுக்கு நோட்டீஸ் எதுவும் வரலியே."

"நோட்டீஸ் இல்ல கெரின். அந்த ஹீட்டர்..."

"ஹீட்டர் நல்லா ஓடுது." அவசரமாகச் சொன்னாள். "எல்லாமே நல்லா இருக்கு. எங்களுக்கு எந்தக் குறையும் இல்ல. வீடு இன்னிக்கு கொஞ்சம் கலைஞ்சு கிடக்கு, உடம்பு சரியில்ல, ஃப்ளூ. நாளைக்கு வந்தீங்கன்னா சுத்தம் பண்ணி வச்சிருப்பேன்."

"ஃப்ளூ இல்ல. தயவுசெஞ்சு கேளுங்க. பொண்ணக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க. இப்பவே வெளிய வாங்க!"

கெரினின் முகம் சுருங்கியது. அவளுடைய மங்கிய மூளைக்கு அந்த ஒரு சொல்தான் எட்டியது.

"வெளியவா? எங்கள வெளியேத்தறீங்களா?" கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒரு வாரம்கூட வாடகை தவறினதில்ல. இந்தக் குளிர்ல பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? ஒரு மாசம் டைம் குடுங்க. ஸ்கூல் லீவு வரைக்குமாவது..."

"ஐயோ, அது இல்ல!"

"வாடகைய ஏத்தணும்னா ஏத்திக்கங்க. நான் குடுத்துடறேன்."

இந்தப் பெண் செத்துக்கொண்டிருக்கிறாள், செத்துக்கொண்டே தன்னிடம் கெஞ்சுகிறாள். என்ன சொன்னால் இவள் கதவைத் திறப்பாள்? எந்த அதிகாரத்தில் சொன்னாலும் இவள் இன்னும் பயப்படத்தான் செய்வாள். உண்மையைத் தவிர வேறு எதுவும் அவளிடம் இல்லை.

"கெரின், தப்பு என்னோடது. ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஹீட்டர சோதிச்சிருக்கணும். நான்தான் வேண்டாம்னு சொன்னேன். காசுக்குப் பாத்து வேண்டாம்னேன். அதுலேருந்து விஷக்காத்து வருது. உங்க தலைவலிக்கு அதுதான் காரணம். உங்கள யாரும் வெளியேத்தல. நான் உங்ககிட்ட பிச்சை கேக்கறேன், கதவத் திறங்க."

கெரின் அவளையே பார்த்தாள். சொன்னது உள்ளே போய்ச் சேர நேரம் பிடித்தது. உள்ளே தொம்மென்று ஏதோ விழுந்தது.

"டெஸ்ஸா?" கெரின் திரும்பினாள். "டெஸ்ஸா!"

சங்கிலியை எடுக்க அவள் விரல்கள் மூன்று முறை தடுமாறின. கதவு திறந்ததும் இரண்டடி எடுத்து வைத்தாள், கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நடைவழியில் ஒன்பது வயதுச் சிறுமி இரவு உடையோடு குப்புறக் கிடந்தாள்.

உள்ளே நிற்காதே என்று கிளைவ் சொன்னது வெர்னாவுக்கு ஞாபகம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அறுபத்தொரு வயதில், முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், அந்தப் பிள்ளையின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து உறைந்த புல்லில் போட்டாள். பிறகு கெரினின் கையைப் பிடித்தாள். கெரின் தவழ்ந்தாள், வெர்னா இழுத்தாள். படியில் கெரினின் முட்டி உரசி ரத்தம் வந்தது. இருவருக்கும் அது தெரியவில்லை.

"மூச்சு இருக்கா? மூச்சு இருக்கா?" கெரின் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சிறுமியின் வாயருகே வெர்னா கன்னத்தை வைத்தாள். லேசாக, மிக லேசாக, சூடான காற்று பட்டது. தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். விலாசம் கேட்டபோது, தன் சொந்த வீட்டின் கதவு எண் அவளுக்கு மறந்துபோயிற்று. கெரின்தான் சொன்னாள்.

கிளைவின் வேன் வந்து நின்றது. கையில் ஒரு சின்ன மீட்டரோடு திறந்த கதவருகே போனார். வாசற்படியைத் தாண்டுமுன்பே அது வீறிட்டுக் கத்த ஆரம்பித்தது. பின்வாங்கி வந்து, வெளியே இருந்த கேஸ் வால்வைத் திருகி மூடினார். மீட்டர் காட்டிய எண்ணை வெர்னாவிடம் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் முகமூடி போட்டு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். கெரின் மதியத்துக்குள் தெளிந்துவிட்டாள். டெஸ்ஸா கண் திறக்கவில்லை. வெர்னா நடைவழி நாற்காலியில், கோட் இல்லாமல், புல் ஈரம் பட்ட கால்சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். யாராவது வெள்ளை உடுப்பில் கதவைத் திறந்தால் எழுந்து நின்றாள். அவர்கள் வேறு யாரிடமோ போனால் மறுபடி உட்கார்ந்தாள். மூளைக்குப் பாதிப்பு இருக்குமா என்று ஒரு நர்ஸைக் கேட்டாள். "முழிச்சாத்தான் சொல்ல முடியும்," என்றாள் அந்த நர்ஸ். "நீங்க பாட்டியா?"

"இல்ல," என்றாள் வெர்னா. வீட்டு ஓனர் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். களைத்த முகம். "முழிச்சுட்டா. பேரு சொல்றா, ஸ்கூல் பேரு சொல்றா. நெட்பால் முடிஞ்சு போச்சான்னு கேட்டு அழறா," என்றார். "மதியம் வரைக்கும் அந்த வீட்டுக்குள்ளயே தூங்கியிருந்தாங்கன்னா, நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

வெர்னா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள்.

மறுநாள் கெரினைப் பார்க்க அனுமதித்தார்கள். டெஸ்ஸா பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெர்னா வாங்கி வந்த பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா தலைவலி?"

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து. வேலைக்குப் போனா சரியாயிடும். வீட்டுக்கு வந்தா திரும்பவும் வரும். வேலை அலுப்புன்னு நினைச்சேன்."

"ஹீட்டர்ல எதுவும் தெரியலியா?"

கெரின் போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "தெரிஞ்சுது. அதுக்கு மேல சுவத்துல கறுப்பா ஒரு கறை வந்துச்சு. தொடச்சேன், போகல. ஏஜெண்ட் வரப்போறார்னு பெயின்ட் வாங்கி அடிச்சேன். திரும்பவும் வந்துச்சு. திரும்பவும் அடிச்சேன். மூணு தடவ."

"எதுக்கு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லலாம்." கெரின் நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு முன்னாடி இருந்த வீட்ல சொன்னேன் மிஸஸ் பாஸ்கோ. டெஸ்ஸா ரூம்ல பூஞ்சை பிடிச்சு அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. மரியாதையாத்தான் எழுதினேன். ரெண்டு தடவ எழுதினேன். மூணாவதா, அவங்ககிட்டேருந்து கடிதம் வந்துச்சு, அறுபது நாள்ல காலி பண்ணணும்னு. நாலு மாசம், வண்டி வீடுங்கள வாடகைக்கு விடற கேரவன் பார்க்ல இருந்தோம். குளிர்காலத்துல. இந்த வீடு கிடைச்ச அன்னிக்கே பிள்ளைகிட்ட சொல்லிட்டேன், இங்க நாம எதுவுமே கேக்கக் கூடாது, நாம இங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. அடுப்படிக் குழாய நானே மாத்தினேன். துவாரம் வழியா பனிக்காத்து அடிச்சுது, டேப்பு போட்டேன்."

நாலு வருடமாகத் தன் நட்பு வட்டத்தில் பீற்றிக்கொண்டதெல்லாம் வெர்னாவின் காதில் ஒலித்தது. தங்கமான குடித்தனம். ஒரு தொந்தரவு கிடையாது. இருக்கற இடமே தெரியாது.

"நீங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல," என்றாள் கெரின். "எங்கள இழுத்துப்போட்டது நீங்கதான். ஆனா உண்மையச் சொல்லணும்னா, உங்கள பாத்தா இப்பவும் எனக்கு பயமாத்தான் இருக்கு. இதுக்கப்புறம் எங்கள வச்சிருப்பீங்களா, இல்லியான்னுதான் ராத்திரி பூரா யோசிச்சேன்."

அடுத்த சில வாரங்கள் வெர்னாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. கேஸ் பாதுகாப்புத் துறையிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தார். அதற்கு முதல் நாள் டேமியன் வீடு தேடி வந்து, காருக்குள்ளேயே உட்கார்ந்து பேசினான். கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை.

"அந்த மெயில நீங்க காட்டணும்னு அவசியமில்ல வெர்னா. காட்டினா உங்களுக்குத்தான் அபராதம்."

"உனக்கும்தான். படம் எடுத்தது நீ. டேப்பு உன் கண்ணுல படலியா?"

"வீடு சுத்தமா இருக்கான்னு பாக்கத்தான் நான் போறேன். ஒரு நாளைக்குப் பன்னெண்டு வீடு. ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம். நீங்க வேண்டாம்னு எழுதினதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்?"

"'வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது, இது சட்டம்'னு ஒரு வரி திருப்பி எழுதியிருக்கலாம். நானும் அத சும்மா விட்டேன், நீயும் சும்மா விட்ட."

டேமியன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். மறுநாள் வெர்னா அந்த மின்னஞ்சலை அச்சடித்துத் தன் கையாலேயே விசாரணை அதிகாரியிடம் கொடுத்தாள். அபராதம் இருவருக்கும் வந்தது. அவள் கட்டினாள்.

செபாஸ்டபோல் வீட்டில் பழைய ஹீட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மின்சாரத்தில் ஓடும் புதியதைப் பொருத்தினாள். கதவிடுக்குகளையும் ஜன்னல் சட்டங்களையும் ஆள் வைத்து அடைத்தாள். கெரின் திரும்பி வருமுன் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, தன் கைபேசி எண்ணைப் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். கெரின் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். ஆனால் கூப்பிடவில்லை. ஆகஸ்ட் முழுக்க அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் வெர்னா ஓடினாள். மறுபடி ஏதாவது நடந்து, மறுபடி அவள் மறைத்துக்கொண்டிருந்தால்?

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு செய்தி வந்தது. 'பின்கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை. முடிந்தால் பார்க்க முடியுமா? அவசரமில்லை.' வெர்னா அதைக் கடையில், ரொட்டி வரிசையில் நின்று படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். நாலு வருடத்தில் முதல் குறை. வரிசையை விட்டு விலகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தச்சனுக்கு ஃபோன் செய்தாள்.

அதே மாதக் கடைசியில், டேமியனின் ஏஜென்சி தன் வீட்டு ஓனர்களையெல்லாம் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டியது. வருடா வருடம் நடப்பதுதான். சாண்ட்விச், ஒயின், யாராவது ஒருவர் உரை. இந்த முறை பேசியவர் ஆறு வீடு வைத்திருக்கும் ஒரு மனிதர். எப்படி வாங்குவது, எப்போது விற்பது என்றெல்லாம் சொல்லிவிட்டு, குடிவைக்க ஆளைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வந்தார்.

"என் அனுபவத்துல சொல்றேன். சும்மா சும்மா ஃபோன் பண்றவங்க வேண்டாம். குழாய், கதவு, பல்புன்னு உயிர வாங்கிடுவாங்க. அமைதியா இருக்கற ஆளாப் பாத்துப் பிடிங்க. அப்படி ஒருத்தர் கிடைச்சா விட்டுடாதீங்க." சபையில் சிரிப்பு எழுந்தது. தலைகள் ஆடின.

வெர்னா எழுந்தாள். பொது இடத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவள். முன்வரிசையில் இருந்த டேமியன் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு அப்படி ஒருத்தர் கிடைச்சாங்க," என்றாள். "நாலு வருஷம் ஒரு வார்த்த பேசல. நானும் உங்கள மாதிரித்தான் பெருமைப்பட்டேன். ஜூலையில அவங்களையும் அவங்க பொண்ணையும் என் வீட்டுக்குள்ளேருந்து தரையில இழுத்து வெளிய போட்டேன். என் ஹீட்டர்லேருந்து விஷக்காத்து. நான் சோதிக்க வேண்டாம்னு சொன்ன ஹீட்டர்."

சிரிப்பு அடங்கியது. பேச வந்தவர் சங்கடத்தோடு கேட்டார், "அவங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதத்தான் கேட்டேன். வாயத் திறந்தா வீடு போயிடும்னு பயந்து, கறைய மறைக்க அவங்க காசுல பெயின்ட் அடிச்சிருக்காங்க. நான் 'வெளிய வாங்க, உயிர் போயிடும்'னு கத்தறேன், அவங்க காதுல 'வீட்ட காலி பண்ணு'ன்னு விழுது. அந்த அளவுக்குப் பயம்."

வெர்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு நான் சொல்றதுக்கு இவ்வளவுதான் இருக்கு. நாளைக்குக் காலையில போய், உங்க வீட்டு ஹீட்டர எந்தத் தேதியில யார் பாத்தாங்கன்னு காகிதத்துல தேடுங்க. காகிதம் இல்லன்னா அத யாரும் பாக்கலன்னு அர்த்தம். வீட்ல இருக்கறவங்க பேரு என்ன, முகம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கங்க. அவங்க ஃபோன் பண்ணிக் குறை சொன்னா நன்றி சொல்லுங்க, உங்க வீட்டையும் அவங்க உயிரையும் சேத்துக் காப்பாத்தறாங்க. வருஷக்கணக்கா ஒரு குறையும் வரலன்னா சந்தோஷப்படாதீங்க. குறை சொல்லாதவங்க நல்ல குடித்தனக்காரங்கன்னு நான் நினைச்சேன். அவங்க பயந்துபோனவங்க. அந்தப் பயம் நம்மளால வந்தது. அதத் தீர்க்க வேண்டியதும் நாமதான்."